நியூயார்க்கில் ஆறு பேர், ஒரு பில்

சிங்கப்பூரில் பல உணவகங்களின் மெனு அட்டையில், விலைகளுக்கு அடியில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும். ‘பிளஸ் பிளஸ்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் ஒன்று, ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி இன்னொன்று. சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்தே வரி என்பதால் 100 வெள்ளிச் சாப்பாடு 119 வெள்ளி 90 காசாகிவிடும். அதற்குமேல் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. உணவங்காடி நிலையம் என்றால் இந்தக் கணக்கும் கிடையாது. டிஷ்யூ பொட்டலத்தை வைத்து மேசையைப் பிடித்துவிட்டு, அவரவர் வரிசையில் நின்று அவரவர் காசுக்கு வாங்கி வந்து சாப்பிடுகிறோம்.

இந்தப் பழக்கத்தோடு நியூயார்க்கில் போய் இறங்கினால் முதல் இரவுச் சாப்பாட்டிலேயே தலை சுற்றும்.

நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். நானும் கணவரும், அடுத்த வீட்டு அண்ணன், அண்ணி, அவர்களுடைய மகன், பிறகு எங்கள் புளோக்கின் ஏழாவது மாடி அக்கா. அக்காவுக்கு வயது அறுபத்தெட்டு. பள்ளிக்கூட கேன்டீனில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். கணவர் தவறிவிட்டார். ஒருமுறையாவது அமெரிக்காவைப் பார்த்துவிட வேண்டுமென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வந்திருந்தார். சைவம், ஒரு சூப், ஒரு தட்டு என்று முடித்துக்கொள்வார்.

முதல் நாள் இரவு லிட்டில் இத்தாலிக்குப் போனோம். மல்பெரி தெருவில் உணவகங்கள் நடைபாதையிலேயே மேசை போட்டிருக்கின்றன. வாசலில் ஒருவர் மெனு அட்டையுடன் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் அழைக்கிறார். லாவ் பா சாட்டுக்குப் பக்கத்தில் பூன் டாட் ஸ்திரீட்டில் சாத்தே கடைக்காரர்கள் கூப்பிடுவது நினைவுக்கு வந்தது. தம்பி ஸ்டேக் கேட்டான். அண்ணனும் என் கணவரும் வைன் வாங்கினார்கள். அண்ணிக்கும் எனக்கும் இறால் போட்ட பாஸ்தா. அக்காவுக்குத் தக்காளி சூப்பும் ஒரு சாலட்டும்.

பில் கறுப்பு உறைக்குள் வந்தது. அங்கே அதற்குப் பெயர் ‘செக்’. சாப்பாட்டு விலை மட்டும் 240 டாலர். நியூயார்க் நகரில் உணவக வரி 8.875 விழுக்காடு: நகரத்துக்கு 4.5, மாநிலத்துக்கு 4, போக்குவரத்துக்கென்று 0.375. ஆக வரி 21 டாலர் 30 காசு. டிப்ஸுக்கு 18 விழுக்காடு என்றால் 43 டாலர் 20 காசு. மொத்தம் 304 டாலர் 50 காசு. “ஆறால வகுத்துடுவோம்” என்றார் அண்ணன். தலைக்கு 50 டாலர் 75 காசு. அக்கா ஒன்றும் சொல்லாமல் கைப்பையைத் திறந்தார்.

இரண்டாவது இரவும் இதே கதை. மூன்றாவது நாள் சாயங்காலம், “எனக்குப் பசியில்லை, நீங்க போயிட்டு வாங்க” என்று அக்கா அறையிலேயே இருந்துவிட்டார். கட்டில் பக்கத்தில் முஸ்தபாவில் வாங்கி வந்த பிஸ்கட் பாக்கெட் பாதி காலியாகிக் கிடந்ததைப் பார்த்தேன்.

ஹோட்டல் குறிப்புத்தாளில் முதல் இரவுக் கணக்கைப் போட்டேன். அக்கா சாப்பிட்டது 20 டாலருக்கு. வரி, டிப்ஸ் இரண்டுமே விழுக்காடு என்பதால் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. அவரவர் தட்டின் விலையை 1.27ஆல் பெருக்கினால் போதும். அக்காவின் பங்கு 25 டாலர் 40 காசுதான் வரும். அவர் கொடுத்தது அதைப்போல் இரண்டு மடங்கு. அந்த 25 டாலரை மற்ற ஐவரும் ஏற்றால் ஆளுக்கு 5 டாலர்தான் கூடும். எங்களுக்கு அது ஒரு காப்பி, ஒரு கேக். அவருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு.

அண்ணனிடம் தாளைக் காட்டினேன். அவர் கஞ்சர் இல்லை. உண்மையில் கை தாராளம். “ஒண்ணா வந்துட்டு சூப்புக்கும் சாலட்டுக்கும் கணக்குப் பாக்குறதா? அக்கா சங்கடப்படுவாங்கம்மா. அவங்க பங்க நானே கட்டிடறேன்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அக்காவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒருவேளை கட்டினால் வாங்கிக்கொள்வார், இரண்டாவது வேளை வரமாட்டார். கடைசியில் வழி சொன்னது தம்பிதான். “நான் ஸ்டேக் தின்னதுக்கு எல்லாரும் ஏன் கட்டணும்? நாளையிலேருந்து அவங்கவங்க தட்டு அவங்கவங்களுக்கு. கணக்கு என் போன்ல.” இளையவன் வாயிலிருந்து வந்ததால் அது சலுகையாகத் தெரியவில்லை, விதியாகிவிட்டது. ஒருவர் கடன் அட்டையில் மொத்தமும் கட்டுவது, மற்றவர்கள் தம் பங்கை வெள்ளிக்கு மாற்றி அன்றிரவே பேநவ்வில் அனுப்புவது என்று முடிவானது.

ஒரே அட்டையில் கட்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆறு அட்டைகளைக் கொடுத்தாலும் பல இடங்களில் பரிமாறுகிறவர் ஆறாகப் பிரித்துத் தேய்த்துக் கொண்டுவந்துவிடுவார். ஆனால் ஆறு சீட்டிலும் டிப்ஸ் வரி காலியாக இருக்கும். ஒருவர் 18 விழுக்காடு எழுதுவார், ஒருவர் இரண்டு டாலர் எழுதுவார், ஒருவர் கோடு போட்டுவிடுவார். குறைகிறது யாருக்கு? பரிமாறியவருக்கு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தந்தாக வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2 டாலர் 13 காசு. 1991லிருந்து அது மாறவில்லை. நியூயார்க் நகரம் எவ்வளவோ மேல். 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி உணவக ஊழியருக்கு முதலாளி தருவது 11 டாலர், மீதி ஐந்தரை டாலர் டிப்ஸில் வரும் என்று வைத்துத்தான் பதினாறரை ஆகிறது. நம் ஊர்ச் சேவைக் கட்டணம் கடைக்குப் போகிறது. அங்கே டிப்ஸ் அந்தப் பெண்ணின் வீட்டு வாடகைக்குப் போகிறது. மேசையில் பங்கு பிரிப்பதில் ஆயிரம் பேசலாம், டிப்ஸில் கைவைக்கக் கூடாது என்பது என் கட்சி.

போகிறவர்களுக்கு இரண்டு சங்கதி. வரித் தொகையை இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 18 விழுக்காடு டிப்ஸ் வந்துவிடும், கணிப்பொறி தேவையில்லை. ஆறு பேரோ அதற்கு மேலோ போனால் பல உணவகங்கள் 18 அல்லது 20 விழுக்காட்டைத் தாமே சேர்த்துவிடுகின்றன. அப்படிச் சேர்த்த பிறகும் சீட்டில் டிப்ஸ் வரி காலியாகவே நிற்கும், கவனம். இன்னொரு வேடிக்கை: பேகல் ரொட்டியை முழுசாக வாங்கிக்கொண்டு வெளியே போனால் வரி இல்லை. கடைக்காரர் அதை இரண்டாக அறுத்துக் கொடுத்தால் வரி உண்டு. அண்ணி நாலு நாளும் முழு பேகல் வாங்கி அறையில் பழக்கத்தியால் அறுத்தார்.

ஐந்தாம் நாள் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். எங்கள் ஹோட்டல் குவீன்ஸில் இருந்ததால் ஏழாம் எண் ரயிலில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கினால் போதும். பாதி வழி ரயில் தெருவுக்கு மேலே உயரத்தில் ஓடுகிறது, நம் எம்ஆர்டி ஈசூன் பக்கம் ஓடுவதுபோல. ஃபிளஷிங்கில் இறங்கினால் எங்கும் சீனக் கடைகள், காய்கறிக் கூடைகள், வாத்து தொங்கும் கண்ணாடிகள். அதைத் தாண்டி பவுன் தெருவில் நடந்தால், சாதாரண வீடுகளுக்கு நடுவே கோபுரம் எழுந்து நிற்கிறது. 1977இல் குடமுழுக்கு கண்ட கோயில்.

சாமி கும்பிட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக் கேன்டீனுக்கு இறங்கினோம். முகப்பில் சொல்லிக் காசு கட்ட வேண்டும், எண்ணைக் கூப்பிட்டதும் நாமே போய் எடுத்துவர வேண்டும். பரிமாற ஆள் இல்லை, கறுப்பு உறையும் இல்லை. எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து அக்கா வரிசையில் நின்றுவிட்டார். ஆறு மசால் தோசை, ஆறு காப்பி. அண்ணன் அட்டையை எடுக்கப் போனார். அக்கா அவர் கையைத் தள்ளிவிட்டு நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார்.

தம்பி போனை எடுத்து, “அக்கா, ஆளுக்கு எவ்வளவு?” என்றான்.

“அத உள்ள வைடா. தட்டெடுக்க வா” என்றார் அக்கா.