தேனும் குளிசையும்

கல்லூரி விழா மலருக்குத் தமிழ்க் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தனர். இலக்கியம் பற்றி எழுதவே முதலில் எண்ணினோம். ஆயின், எம் பழைய மாணவர் ஒருவர் எமக்குக் கற்பித்த பாடத்தை எழுதுவதே இம்மலருக்குப் பொருந்துமெனத் தோன்றியது.

சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் உடற்பிணி நீக்குதல் போல, ஒவ்வொரு வெண்பாவிலும் வரும் மூன்று பொருள்கள் உளப்பிணி நீக்கும். ஆதலால் அந்நூல் திரிகடுகம் எனப் பெயர் பெற்றது என்று ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வந்தோம். அம்மூன்றும் எவ்வாறு பிணி நீக்கும் என மாணவர் எவரும் வினவியதில்லை. யாமும் சிந்தித்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையாருக்கு இரத்த அழுத்தத்துக்குக் குளிசை கொடுக்கப்பட்டது. "தம்பி, இது தொண்டைக்குள்ளே இறங்குதில்லையே" என்று வருந்தினார். புத்தளக் கரையோரத்திலுள்ள எம்மூரில், பரியாரியார் தந்த சூரணத்தைத் தேனிற் குழைத்து உண்டு வளர்ந்தவர்கள் யாம். ஆகவே, குளிசையைக் கல்வத்திற் பொடித்துத் தேனிற் குழைத்து ஊட்டினோம். சிறிது நேரத்துள் அன்னையார் வியர்த்து, கண் இருண்டு, திண்ணையிற் சாய்ந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைந்தோம்.

அங்கே கடமையிலிருந்த வைத்தியர் எம்மிடம் பயின்றவர். அழுத்தம் மிகத் தாழ்ந்திருக்கக் கண்டு, "சேர், குளிசையை உடைத்தா கொடுத்தீர்கள்?" என்றார். தலைகுனிந்தோம்.

மாலையில் அன்னையார் தேறிய பின் அவர் விளக்கினார். சாதாரண குளிசை விரைவிற் கரையும். குருதியில் மருந்து சட்டென ஏறிப் பின் இறங்கும். இக்குறையைத் தீர்க்க முயன்றோருள், 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிமித் கிளைன் அன்ட் பிரெஞ்சு நிறுவனத்தார், வெவ்வேறு தடிப்பில் பூச்சிட்ட சிறு மணிகளை ஒரே கூட்டினுள் அடைத்து வெளியிட்டனர். மெல்லிய பூச்சு முதலிலும் தடித்த பூச்சு பின்னரும் கரைந்து மருந்தை விடும். பின்னர் இத்தகைய முறைகள் பல பெருகின. அன்னையார் உண்டதும் நிபெடிபின் என்னும் மருந்தின் மெல்லக் கரையும் வகையே. மணிக்கணக்கில் சிறுகச் சிறுக வரவேண்டியது ஒருங்கே வந்துவிட்டது. உப்பளத்தில் மதகு திறந்து களப்பு நீரை அளந்து பாத்திக்கு விடுவதைக் கண்ட எமக்கு இது நன்கு விளங்கிற்று. யாம் வரம்பையே வெட்டிவிட்டோம்.

"அப்படியாயின், முன்னோர் பொடித்துக் குழைத்தது அறியாமையா?" என்றோம்.

"இல்லை, சேர். அந்த மருந்துகள் வேறு, இது வேறு. நீங்கள் படிப்பித்த திரிகடுகத்தை நினைத்துப் பாருங்கள்" என்றார் அவர்.

மிளகிலும் திப்பிலியிலும் பைப்பரின் என்னும் பொருள் உண்டு. பிற மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்களைக் குடலிலும் ஈரலிலும் தடுத்து, அவை குருதியில் மிகுதியாகச் சேர அது துணைபுரியும். ஜம்முவில் அடல் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1979இல் இத்தன்மையை எடுத்துக்காட்டினர். 1998இல் வெளியான பெங்களூர் ஆய்வொன்றில், 2 கிராம் மஞ்சட் சத்துடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, அச்சத்து குருதியிற் சேர்ந்த அளவு 20 மடங்காயிற்று. 2009இல் இந்தியாவில் பைப்பரின் சேர்ந்த காசநோய் மருந்து ஒன்று வந்தது. அதில் ரிபாம்பிசின் 450 மில்லிகிராமுக்குப் பதிலாக 200 மில்லிகிராமே இருந்தது. ஆயினும், பிற மருந்தின் அளவை இவ்வாறு உயர்த்துவது சிலவேளை தீங்குமாகும். தாமாகவே பைப்பரின் குளிசை வாங்கி உண்ணல் தகாது என்றும் அவர் எச்சரித்தார்.

மருந்தோடு சேர்த்தருந்தும் தேன், பால், நெய் முதலியவற்றை நம் வைத்தியர் அனுபானம் என்பர். மருந்து இன்னதென அறிதல் மட்டும் போதாது, அது உடலிற் சேரும் வழியையும் அறிதல் வேண்டுமென அவர்கள் உணர்ந்திருந்தனர். இன்றைய குளிசையோ அவ்வழியைத் தன்னுள்ளேயே கொண்டு வருகின்றது. அதனை அறியாது உடைத்தது எம் பிழை.

அன்னையார் இன்று விழுங்குதற்கு எளிதான வேறு மருந்தை நீருடன் உட்கொள்கின்றார். யாமோ, திரிகடுகப் பாடம் முடியும் நாளில் மாணவருக்கு ஒரு வீட்டுவேலை கொடுக்கின்றோம்: வீட்டு முதியோர் உண்ணும் குளிசைகளுள் எதை உடைக்கலாம், எதை உடைக்கலாகாது என்று மருந்து தருவோரிடம் கேட்டு எழுதி வருதல் வேண்டும்.