கரையைத் தள்ளி வைக்கும் வகுப்பு

நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தை ஒட்டி வால் ஆறு ஓடுகிறது. ரைன் நதி அந்த நாட்டுக்குள் கொண்டுவரும் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு இதன் வழியாகத்தான் போகிறது. நகரத்தருகே சட்டென்று வளையும் ஆறு, வளைகிற இடத்திலேயே ஒடுங்கவும் செய்கிறது. 1995-இல் வெள்ளம் மிரட்டியபோது ஆற்றோர ஊர்களிலிருந்து இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். நல்லவேளையாகக் கரைகள் தாங்கின.

தலைமுறை தலைமுறையாகக் கரையை உயர்த்திப் பிழைத்த மக்கள், அதற்குப் பிறகு செய்ததை நேரில் பார்த்தாலும் நம்ப முடியவில்லை. எதிர்க்கரையில் உள்ள லென்ட் ஊரில் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டிவிட்டு, நடுவே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னொரு ஆறே வெட்டியிருக்கிறார்கள். இரண்டு ஆறுகளுக்கும் இடையில் சிக்கிய நிலம் தீவாகிவிட்டது. நான் போன அன்று புது ஆற்றில் சிறுவர்கள் குதித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெருவெள்ளத்தின்போது இதனால் நீர்மட்டம் சுமார் 35 சென்டிமீட்டர் இறங்கும். அதற்கு விலையாக 50 வீடுகள் போயின.

இந்தக் கணக்கை மாணவர்களுக்குச் சொல்லித்தரும் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார இடம் கிடைத்தது. மேசைகளை ஓரங்கட்டிவிட்டுத் தரையில் நீலத் துணியை வளைத்துப் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு அட்டை, அதில் நடிக்க வேண்டிய வேடம்: மத்திய அரசின் நீர்த்துறை, நகராட்சி, சரக்குப் படகுக்காரர், விவசாயி, வீட்டுக்காரர், நீர் வாரியம். இந்த வாரியங்களில் மூத்தவை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்றும் அவற்றுக்குத் தேர்தல் நடக்கிறது. அட்டையின் பின்பக்கத்தில், யாருக்கும் காட்டக்கூடாத ஒரு வரி: எதுவரை விட்டுக்கொடுக்கலாம்.

நீர்த்துறைப் பையன் மடிக்கணினியோடு வந்திருந்தான். நிஜத் திட்டத்திலும் 'புளோக்கன்டோஸ்' என்று ஒரு கணினிக் கருவி இருந்தது. எங்கே கரையைத் தள்ளினால் எங்கே தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று அரசியல்வாதிகளே தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பையனும் தட்டினான். "தள்ளினால் 35 சென்டிமீட்டர். வேறு வழியே இல்லை," என்றான். நகராட்சி முறுக்கிக்கொண்டது. அதற்குக் காரணம் உண்டு: ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம்தான் ஆயிரக்கணக்கில் புது வீடுகள் கட்ட நைமேகன் திட்டமிட்டிருந்தது.

வீட்டுக்காரராக நடித்த பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். "இழப்பீடு வீட்டின் இன்றைய விலைக்கா, இதே ஊரில் இன்னொரு வீடு வாங்குகிற விலைக்கா? எந்தத் தேதிக்குள் காலி செய்யணும்? திட்டம் பாதியில் நின்றுபோனால் வீட்டைத் திருப்பித் தருவீர்களா?" பையன் திரையைப் பார்த்தான். அதில் நீர்மட்டம் மட்டுமே இருந்தது. "அதெல்லாம் என் துறை இல்லை," என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்காமல் அந்தப் பதிலைக் கரும்பலகையில் எழுதிவைத்தார்.

வரைபடத்தில் எந்த நிலத்துக்கு என்ன நிறம் பூசுவது என்று புத்தகத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். அந்த நிறத்துக்குள் குடியிருக்கிறவர் கேட்கும் கேள்விகளுக்குப் புத்தகத்தில் பக்கம் ஒதுக்குவதில்லை. இந்த ஒரு மணி நேரக் கூச்சலில் அவை தானாக வந்து விழுந்தன. நடிப்புதானே என்று தொடங்கியவர்கள் பாதியில் நிஜமாகவே கோபப்பட்டார்கள். விவசாயி வெளிநடப்பு செய்து, காபியோடு திரும்பி வந்தார்.

நிஜத்தில் லென்ட் மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். 2013-இல் தோண்ட ஆரம்பித்து, 2015 முடிவில்தான் திறப்பு விழா. வகுப்பிலோ மணி அடித்தபோது ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் பாக்கி. ஆசிரியை அட்டைகளை வாங்கிக் குலுக்கி, அடுத்த வாரத்துக்கு அங்கேயே மறுபடி கொடுத்தார். நீர்த்துறைப் பையனுக்கு வீட்டுக்காரர் அட்டை வந்தது. "மாற்றிக்கலாமா மேடம்?" என்று கேட்டான். முடியாது என்றார்.