ஒரு கட்டை இறக்கினேன்

உசிலம்பட்டியிலிருந்து மதுரை ஏறக்குறைய 40 கிலோ மீட்டர். ஜவுளி எடுக்கவும் ஆஸ்பத்திரிக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பாட்டுப் படிக்கவென்று போனது இதுதான் முதல் தடவை.

எங்கள் கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவள் நான். சங்கீதம் முறையாகக் கற்றவளல்ல. குழு நடத்துகிறவர்களுக்காக மதுரை அரசரடியில் மூன்று நாள் கூட்டம் என்று ஆயர் சொன்னபோது, "வேறு யாரையாவது அனுப்புங்கள் ஐயா" என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. ஒரு வருஷமாகவே ஆறு கட்டையில் சரணம் எடுத்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கிறிஸ்மஸோடு ஒதுங்கிவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அத்தைதான், "போயிட்டு வா தாயி, அடுப்படியை நான் பாத்துக்கிறேன்" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள்.

செல்லம்பட்டி, கருமாத்தூர், செக்கானூரணி தாண்டியதும் நாகமலை பாம்பு படுத்தாற்போல் கூடவே வந்தது. எனக்கோ வயிற்றைக் கலக்கியது.

கூட்டத்தில் பெண்கள் ஏழெட்டுப் பேர்தான். முதல் நாள் ஒரு பெரியவர் ஆபிரகாம் பண்டிதரைப் பற்றிப் பேசினார். எங்கள் ஊருக்கு மேற்கே, சுருளிமலையில், கருணானந்தர் என்பவரிடம் சித்த வைத்தியம் கற்றவராம். தஞ்சாவூரில் 1912 முதல் சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில், அவருடைய சுருதிக் கணக்கைப் பாடிக் காட்டியவர்கள் அவர் பெற்ற பெண்கள்! அந்தக் காலத்திலேயே அவ்வளவு பெரிய சபையில் பாடினார்களே, நான் ஏன் கடைசிப் பெஞ்சில் ஒளிந்திருக்கிறேன் என்று தோன்றியது.

மறுநாள் குரல் பயிற்சி கொடுத்த அம்மாவிடம், "என் குரல் போயிருச்சும்மா" என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டேன். அவர் ஆர்மோனியத்தை ஐந்து கட்டைக்கு இறக்கிப் பாடச் சொன்னார். தடையில்லாமல் வந்தது!

"குரல் போகவில்லை, இறங்கியிருக்கிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பல பெண்களுக்கு இப்படி ஆவதுண்டு. இதில் வெட்கம் எதற்கு?" என்றார்.

அவர் சொன்னவற்றைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். பாடுமுன் வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் மெல்ல ஹம்மிங் செய்யுங்கள். நாள் முழுக்க அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். அடுப்படியிலிருந்து தெருவுக்குக் கேட்கும்படி பிள்ளைகளைக் கத்தி அழைக்காதீர்கள். தொண்டை கம்மியிருக்கும்போது பாடாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால், கஷாயத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத் தம்பியிடம், "அஞ்சு கட்டையிலே வைப்பா" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் வைத்தான். முதல் சரணத்திலேயே சபையின் சத்தம் கூடிவிட்டது. உச்ச சுருதிக்குப் பயந்து இத்தனை வருஷம் வாயே திறக்காத பெண்கள் பாடினார்கள். அத்தையும் பாடினார்கள்.

கிறிஸ்மஸ் பாட்டுக்கு ஒத்திகை தொடங்கிவிட்டோம். நான்தான் நடத்துகிறேன்.