ஏலத்தொகையும் பழியும்

2021 ஐ.பி.எல். ஏலத்தில் கர்நாடகச் சுழற்பந்து வீச்சாளர் கிருஷ்ணப்பா கௌதமின் அடிப்படை விலை 20 லட்சம் ரூபாய். அணிகளின் போட்டியில் அது 9.25 கோடியாக உயர்ந்தது. சென்னை அணி அவரை எடுத்தது. அவ்வாண்டு சென்னை கோப்பையை வென்றது. கௌதமோ ஓர் ஆட்டத்திலும் ஆடும் பதினொருவரில் இடம்பெறவில்லை. அடுத்த ஏலத்தில் அவர் விலை 90 லட்சம்.

2019 தொடருக்காகப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்த தமிழக வீரர் வருண் சக்கரவர்த்தி, முதல் ஓவரிலேயே 25 ரன் கொடுத்தார். காயத்தால் அவ்வாண்டு ஒரே ஆட்டம்தான் ஆடினார். பின்னர் 4 கோடிக்குக் கொல்கத்தா சென்ற அவர், 2024இல் 21 விக்கெட் வீழ்த்திக் கோப்பை வெல்லத் துணைநின்றார்.

ஏலத்தொகை காட்டுவது அன்று அரங்கிலிருந்த அணிகளின் தேவையை. தொகையை ஏற்றியவர்கள் அணியினர். ‘வீணான கோடி’ என்னும் பழியைச் சுமப்பவரோ வீரர்.