இத்தாலியில் எங்கே இறங்குவது?

இத்தாலி தேசத்தை மோட்டார் வீட்டில் சுற்றிப் பார்ப்பதென்று நாங்கள் தீர்மானித்தவுடன், சிநேகிதர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "ஆஹா! இனி ஹோட்டல் தொல்லை இல்லை. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்தபோது தூங்கலாம்!" என்றார்கள். நேயர்களுக்கும் இப்படி ஓர் எண்ணம் இருக்கக்கூடும். அதை முதலிலேயே போக்கி விடுவது நலம்.

இத்தாலியின் சாலைச் சட்டத்தில் 185-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வண்டியை நிறுத்துவது வேறு, முகாம் போடுவது வேறு என்று அது வெகு நுட்பமாகப் பிரித்துச் சொல்கிறது. சக்கரங்களைத் தவிர வேறொன்றும் தரையைத் தொடாமல், அழுக்கு நீர் வெளியே விடாமல், வண்டியின் அளவுக்கு மேல் இடத்தை ஆக்கிரமிக்காமல் இருக்கும் வரையில் அது வெறும் நிறுத்தந்தான். ஆனால், 'சற்றுக் காற்றாட இருப்போமே' என்று ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வெளியே போட்டோமோ இல்லையோ, முகாம் போட்டவர்களாகி விடுகிறோம்! அந்தந்த ஊர் நகரசபைகள் போடும் தடை உத்தரவுகள் வேறு இருக்கின்றன. ஆகவே இரவு எங்கே தங்குவது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே யோசித்து வைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் கோஷ்டியில் மூன்று பேர். நாங்கள் தம்பதிகள் இருவர்; 72 வயதான எங்கள் தாயார் ஒருவர். (இருவரில் யாருக்குத் தாயார், யாருக்கு மாமியார் என்பது இந்த விஷயத்துக்கு அவசியமில்லை.) அவருக்கு முழங்கால் வலி. அதைக் காட்டிலும் பெரிய உபத்திரவம், அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம்: "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், குழந்தைகளா! நான் வண்டியிலேயே இருக்கிறேன்." நம் நாட்டுத் தாய்மார்களில் பலருக்கு இது மனப்பாடம். கொஞ்சங்கூட வருத்தமில்லாத முகத்துடன் சொல்வார்கள். இத்தாலியிலும் அதைச் சொல்ல இடம் கொடுத்துவிட்டால், அவ்வளவு தூரம் வந்து அவர் கண்டது மோட்டார் வண்டியின் ஜன்னல்தான் என்று ஆகிவிடும். இன்னொரு தடவை அழைத்து வருவது சாத்தியமா என்பதை அவருடைய முழங்கால்தான் தீர்மானிக்க வேண்டும்.

எனவே நாங்கள் வகுத்துக் கொண்ட விதி ஒன்றே ஒன்று. முகாமின் வாசலிலிருந்து படகுக்கோ ரயிலுக்கோ அம்மாவின் நடையில் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகக்கூடாது. மற்றக் காட்சி, நீச்சல் குளம், மலையழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இத்தாலியில் இறங்கும் இடங்கள் மூன்று வகை. 'ஆரேயா தி ஸோஸ்தா' என்பது ஏறக்குறைய வண்டிப்பேட்டை. குடிநீர் பிடிக்கலாம், கழிவு நீரைக் கொட்டலாம், செலவும் குறைவு. ஆனால் பல இடங்களில் கழிப்பிடம் இராது. முன்கூட்டி இடம் பிடித்து வைக்கவும் முடியாது. 'அக்ரிதூரிஸ்மோ' என்பது குடியானவர் பண்ணை. திராட்சைத் தோட்டத்தின் நடுவில் தங்கலாம். ஆனால் பண்ணை பெரும்பாலும் குன்றின்மேல் இருக்கும். பஸ்ஸோ குன்றின் அடிவாரத்தோடு போய்விடும். மூன்றாவது வகையான 'கம்பெஜ்ஜோ'தான் முழு முகாம். குளிக்கும் அறை, கடை, மின்சாரம் எல்லாம் உண்டு. முதல் பிரயாணத்துக்கு இதுவே தக்கதென்று நாங்கள் முடிவு செய்தோம். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்து கொள்ள வேண்டும். பகலில் ஒரு மணி முதல் மூன்று மணி வரை பல முகாம்களில் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் இளைப்பாறுகிறார்கள். இந்த வழக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

மின்சாரத்தைப்பற்றி ஒரு வார்த்தை. மற்ற ஐரோப்பிய தேசங்களைப் போல் தாராளமாகக் கொடுப்பார்கள் என்று நம்பிவிடக்கூடாது. எங்களுக்குக் கிடைத்தது 6 ஆம்பியர். அதாவது 230 வோல்ட்டில் 1,380 வாட். மின்சாரக் கெட்டில் ஒன்று மட்டுமே 2,000 வாட் கேட்கும். காபிக்குத் தண்ணீர் வைத்தால் வண்டி முழுதும் இருட்டாகிவிடும். ஆகையால் சமையல் எல்லாம் காஸ் அடுப்பில்தான்.

காலத்தையும் சொல்லவேண்டும். ஆகஸ்டு 15-ந் தேதி 'ஃபெர்ரகோஸ்தோ' என்னும் பண்டிகை. அதை ஒட்டி இத்தாலியர்களே முகாம்களை நிரப்பிவிடுவார்கள். நாங்கள் செப்டம்பர் நடுவில், ஜெர்மனியில் வண்டியை வாடகைக்கு எடுத்துப் புறப்பட்டோம். பிரென்னர் கணவாயைத் தாண்டி கார்தா ஏரிக்கு வந்து சேர்ந்தோம்.

கார்தாவின் மேற்குக் கரைதான் படங்களில் வருவது. செங்குத்தான பாறைகளைக் குடைந்து 1931-ல் திறந்த ரஸ்தா; குகைக்குப் பின் குகை. 7 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள வண்டியை முதன் முதலாக ஓட்டுகிறவர்கள் அந்த அழகை எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதே உசிதம். நாங்கள் கிழக்குக் கரையில் லாஸீஸே ஊருக்குப் பக்கத்தில் இறங்கினோம். அங்கே ஏரியோரமாகச் சமதரையில் நடைபாதை இருக்கிறது. ஊர்த் துறையிலிருந்து படகும் போகிறது. அம்மா முதல் நாளே பார்தொலீனோ வரை படகில் போய் வந்தார்.

வெனிஸ் விஷயத்தில்தான் எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. கிழக்கே கவல்லீனோ என்னும் மணல் தீபகற்பம். நீண்ட கடற்கரை, பைன் மரங்கள், நீச்சல் குளங்கள். அதன் நுனியில் உள்ள புந்தா ஸப்பியோனியிலிருந்து ஸான் மார்க்கோவுக்குப் படகு உண்டு. ஆனால் பல முகாம்களிலிருந்து அந்தப் படகுத் துறைக்குப் போகவே பஸ் ஏறவேண்டும். மேற்கே, பிரெந்தா கால்வாய் கடற்கழியில் கலக்கும் இடத்தில் ஃபூஸீனா இருக்கிறது. அங்கே முகாமை ஒட்டியே படகுத்துறை. வெனிஸ் நகரின் ஸாத்தெரே கரையில் கொண்டுபோய் இறக்கி விடுகிறார்கள். அழகைப்பற்றி மட்டும் கேட்கக் கூடாது! பக்கத்திலேயே மார்கேராத் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள். கொசுக்களோ, தஞ்சை ஜில்லாக் கொசுக்களுக்கு எவ்விதத்திலும் சளைத்தவை அல்ல. எங்களில் ஒருவர் கவல்லீனோ கட்சி. மற்றவர் ஃபூஸீனா கட்சி. இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு முழங்கால்தான் ஜெயித்தது.

முதல் நாள் காலையில் அம்மா நாங்கள் எதிர்பார்த்த வாக்கியத்தைத் தவறாமல் சொன்னார். நாங்கள் பதில் பேசாமல் வண்டியின் கதவைத் திறந்து துறையில் நின்ற படகைக் காட்டினோம். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, புடவைமேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்கினார். நாலு நாளும் போனார். பாலங்களில் ஏறமுடியாத இடங்களில் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து கொண்டார். காய்கறி ஏற்றி வரும் படகுகளைப் பார்த்ததே ஸான் மார்க்கோ கோயிலைவிட அவருக்கு அதிகத் திருப்தி அளித்ததென்று நினைக்கிறோம்.

அமால்பி கடற்கரையை நாங்கள் கைவிட்டோம். அது மோட்டார் வீடுகளுக்குத் தடையுள்ள ரஸ்தா. புதையுண்டு மீண்ட பாம்ப்பீ நகரத்தின் வாசலுக்கு எதிரிலேயே முகாம்கள் இருக்கின்றன. அருகிலேயே ரயில் ஸ்டேஷன். அம்மாவின் விதிக்குச் சாலப் பொருத்தம்! ஆனால் எங்களிடமிருந்த நாட்களுக்குத் தூரம் அதிகம்.

கடைசியாகத் தங்கியது அம்ப்ரியா மாகாணத்தில், திராஸிமேனோ ஏரிக்கரையில் உள்ள பஸ்ஸிஞானோ. கி.மு. 217-ல் இங்கே அருகில்தான் ஹானிபால் ரோமாபுரிச் சேனையை அழித்தான். எதிர்ப்பட்ட மேட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு முகாமை அமைத்துவிட்டு, பக்கத்துக் குன்றுகளில் படைகளை ஒளித்து வைத்தான். ஏரிக்கரையில் இரவு தங்கிய பிளாமினியஸ், விடியற்காலை மூடுபனியில் ஆராயாமல் கிளம்பினான். அவனும் சுமார் 15,000 வீரர்களும் மாண்டார்கள். முகாம் போடும் கலையில் அவனைவிட எங்கள் அம்மாவுக்கு யோசனை அதிகம்.

பஸ்ஸிஞானோவை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் யுத்தமல்ல, ரயில். அங்கிருந்து அஸிஸிக்கும் போகலாம், பிளாரென்ஸுக்கும் போகலாம். அந்தப் பழைய நகரங்களுக்குள் அன்னிய வண்டிகள் நுழைந்தால் காமிரா படம் பிடித்துக் கொள்ளும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீட்டுக்கு வந்து சேரும். ரயிலுக்கு அந்தப் பயம் இல்லை.

பிளாரென்ஸ் போய் வந்த மறுநாள், அம்மா களைத்திருப்பார் என்று நாங்கள் இருவரும் தாமதமாகவே எழுந்தோம். வண்டியில் அவரைக் காணோம். அரை மணி நேரம் கழித்துத் தடியை ஊன்றிக்கொண்டு முகாம் வாசலில் வந்தார். கையில் ஸ்டேஷனில் வாங்கிய மூன்று டிக்கட்டுகள். "சீக்கிரம் குளித்துவிட்டு வாருங்கள், அஸிஸி வண்டிக்கு இன்னும் முக்கால் மணிதான் இருக்கிறது" என்றார்.