புண்ணாக்கு விலையில் யூரியா

விடிகாலையில் மாட்டுக் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தால் கண்ணில் சுரீரென்று ஒரு நெடி ஏறும். ஊரில் அதை மூத்திர நாத்தம் என்பார்கள். உண்மையில் மூத்திரத்தில் கரைந்து வரும் யூரியாவுக்கு வாசனையே கிடையாது. தரையில் கிடக்கும் சாணியில் யூரியேஸ் என்றொரு நொதி இருக்கிறது. இரண்டும் கலந்த சில மணி நேரத்தில் யூரியா உடைந்து அம்மோனியாவாகக் கிளம்பிவிடும். கண்ணை எரிப்பது அதுதான். உரக்கடையில் மூட்டை போட்டு விற்கிறார்களே, அதே யூரியா. மூலக்கூறில் ஒரு வித்தியாசமும் இல்லை.

எனக்குச் சோறு போடுவது கணிப்பு வேலை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, எந்தக் கிடங்கில் அடுத்த வாரம் எவ்வளவு சரக்கு தேவைப்படும் என்று மாடல் எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தில்தான், மாடு இன்று தின்றதை வைத்து நாளை எவ்வளவு நைட்ரஜன் காற்றில் போகும் என்று கணக்குப் போடும் ஆய்வுகள் கண்ணில் பட்டதும் அங்கேயே நின்றுவிட்டேன். அமெரிக்காவில், குறிப்பாக டெக்சாஸின் வடக்கு ஓரத்தில், பல்லாயிரக்கணக்கான மாடுகளைத் திறந்த மண் பட்டிகளில் அடைத்து, மக்காச்சோளம் போட்டு இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கிறார்கள். அந்த மாடு தின்கிற நைட்ரஜனில் பத்தில் ஒன்றோ ஒன்றரையோ பங்குதான் உடம்பில் தங்குகிறது. மீதி சாணியாகவும் மூத்திரமாகவும் வெளியே. வெளியே வந்ததில் ஏறக்குறைய பாதி அம்மோனியாவாகப் பறந்துவிடுகிறது. தீவனத்தின் புரதத்தை 13 சதவீதத்திலிருந்து பதினொன்று சொச்சத்துக்குக் குறைத்தால் அம்மோனியா மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே குறையலாம், மாட்டின் எடை ஏறுவதும் பெரிதாகப் பாதிக்காது என்பது அங்கே பலமுறை சோதித்த விஷயம்.

நம் பக்கம் யாரும் மாட்டைக் கறிக்கென்று கொழுக்க வைப்பதில்லை. உழவுக்கு ஆகாத எருதும் பால் வற்றிய பசுவும் சந்தைக்குப் போய், அங்கிருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகும். அதைப் பற்றி வீட்டில் பேச மாட்டோம், அவ்வளவுதான். ஆனால் டெக்சாஸ் மாட்டுக்கும் கச்சிராயபாளையம் மாட்டுக்கும் அசையூண் வயிறு ஒன்றுதான். போட்ட புரதத்தை முதலில் தின்பது மாடு இல்லை, அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அவை புரதத்தைப் பிய்த்து அம்மோனியாவாக்கும், பிறகு அதையே வைத்துத் தங்கள் உடம்பைக் கட்டும். அந்த உடம்புதான் மாட்டுக்குச் சாப்பாடு. கட்டுமான வேலைக்கு மாவுச்சத்து வேண்டும். அது போதவில்லை என்றாலோ, புரதம் அளவுக்கு மீறிப் போனாலோ, மிஞ்சின அம்மோனியா ரத்தத்தில் ஏறும். கல்லீரல் அதை யூரியாவாக்கும். சிறுநீரகம் வெளியே தள்ளும். சாணியில் போகும் நைட்ரஜன் பெரிதாக ஏறி இறங்காது. கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு பிடியும் போய்ச் சேரும் இடம் மூத்திரம்.

இதைப் படித்த பிறகு ஊருக்குப் போனபோது அத்தை வீட்டு மாட்டை அளந்தேன். கோமுகி அணைக்குக் கீழே, கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் மாறி மாறி நிற்கும் ஊர். அத்தைக்கு இரண்டு கலப்பின மாடுகள். ஒன்று பத்து லிட்டர் கறக்கிறது, ஆனால் மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இன்னொரு தடவை பார்த்துவிட்டு விற்றுவிடலாம் என்று மாமா சொல்ல ஆரம்பித்திருந்தார். அத்தை அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம், இன்னும் அரை கிலோ கடலைப் புண்ணாக்கு. "உடம்புல சத்து இல்லப்பா, அதான் நிக்கல."

மாட்டின் எடைக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. நெஞ்சுச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, சென்டிமீட்டர் கணக்கு என்றால் 10,840ஆல் வகுத்தால் கிலோ வரும். தையல் டேப் 150 சென்டிமீட்டரில் முடிந்துவிடும், மாடு முடியாது. கயிறு போட்டு அளந்து கயிற்றை டேப்பில் வைத்தோம். 165 சுற்று, 158 நீளம். ஏறக்குறைய 400 கிலோ.

பிறகு தீனி. கோ-4 புல் இருபது கிலோ, அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மக்காச்சோளத் தட்டை மூன்றரை கிலோ. மூட்டைத் தீவனம் மூன்று கிலோ. கடலைப் புண்ணாக்கு ஒன்றரை கிலோ. ஈரத்தைக் கழித்தால் 11 கிலோ சொச்சம், அதில் புரதம் 1,700 கிராம், அதாவது 15 சதவீதம். டெக்சாஸ்காரனே இவ்வளவு போட மாட்டான். புரதத்தை 6.25ஆல் வகுத்தால் நைட்ரஜன்: 272 கிராம். பத்து லிட்டர் பாலில் போவது 50. சாணியில் 85 இருக்கலாம். மீதி 137 கிராம், தினம் தினம், மூத்திரத்தில். இப்படிக் கழித்துப் பார்ப்பது முரட்டுக் கணக்குதான், ஆனால் சரிபார்க்க வேறொரு வழி உண்டு. ரத்தத்தில் யூரியா ஏறினால் பாலிலும் ஏறும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பால் யூரியாவிலிருந்து மூத்திர நைட்ரஜனைச் சொல்லும் சூத்திரங்களை உருவாக்கினார்கள். மாட்டின் எடையை, பாலில் நூறு மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்த யூரியா நைட்ரஜனால் பெருக்கி, 0.0259ஆல் பெருக்க வேண்டும். 400 கிலோ மாட்டுக்கு 137 கிராம் வர, பாலில் 13 மில்லிகிராம் இருந்தால் போதும். கலப்பின மாட்டில் சாதாரணமாகக் காணும் அளவுதான். பாலில் யூரியா என்றவுடன் கலப்படம் என்று பதற வேண்டாம். இயற்கையாகவே எல்லாப் பாலிலும் கொஞ்சம் இருக்கும்.

வருஷத்துக்கு 50 கிலோ நைட்ரஜன். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஆக, ஒரு மாடு வருஷத்துக்கு 45 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட இரண்டரை மூட்டை யூரியாவைக் கொட்டகைத் தரையில் ஊற்றுகிறது. சாணியைக் கூடையில் அள்ளிக் குப்பைமேட்டில் சேர்க்கிறோம், வறட்டி தட்டுகிறோம், சாண எரிவாயுவுக்குக் கரைக்கிறோம். மூத்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தெருவில் விடுகிறோம். பார்வைக்குப் பெரிதாக இருப்பதைத்தான் கை அள்ளும்.

இதுவரைக்கும் எனக்கு இது உரக் கணக்காகத்தான் இருந்தது. காசைப் போட்டுப் பார்த்தபோதுதான் வேறாகத் தெரிந்தது. புண்ணாக்கை ஒரு கிலோ குறைத்து, அந்த இடத்தில் ஒன்றரை கிலோ காய்ந்த மரவள்ளித் திப்பி போட்டால் புரதம் பதினொன்றரை சதவீதத்துக்கு வரும். பத்து லிட்டர் மாட்டுக்கு அது போதும். மூத்திர நைட்ரஜன் 137லிருந்து 80க்குப் பக்கத்தில் இறங்கும். திப்பி என்பது ஜவ்வரிசி ஆலையில் கிழங்கை அரைத்துப் பாலெடுத்த பிறகு மிஞ்சும் சக்கை. சேலம் பக்க ஆலைகளில் மலை மலையாகக் காய்கிறது. புரதம் பேருக்குத்தான், ஆனால் மாவுச்சத்து நிறைய. நுண்ணுயிர்களுக்குக் குறைவாக இருந்தது அதுதான். சரி, அந்த ஒரு கிலோ புண்ணாக்கு? கிலோ ஐம்பது ரூபாய் என்று வைத்தாலே வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். அதிலிருந்து மூத்திரத்துக்குப் போகிற நைட்ரஜனை யூரியாவாக மாற்றினால் ஐம்பது கிலோ, ஒரு மூட்டைக்குச் சற்று அதிகம். மானிய விலையில் ஒரு மூட்டை 266 ரூபாய் 50 காசு. அத்தை பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து முந்நூறு ரூபாய் யூரியா தயாரிக்கிறார். அதிலும் பாதி விடிவதற்குள் பறந்துவிடுகிறது. பிறகு மாமா டோக்கன் வாங்கி வரிசையில் நின்று கரும்புக்கு யூரியா வாங்கி வருகிறார்.

சத்துக் குறையாமல் செலவு மட்டும் குறைகிற தீவனக் கலவையைக் கண்டுபிடிப்பது என் தொழிலில் பழைய கதை. 1945இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் மனிதனுக்கான மிக மலிவான சத்துணவைக் குத்துமதிப்பாகக் கணக்கிட்டார்: வருஷத்துக்கு 39 டாலர் 93 சென்ட். 1947இல் டான்ட்சிக்கின் புது முறையில் ஒன்பது குமாஸ்தாக்கள் கைக் கணக்கு இயந்திரத்தோடு உட்கார்ந்து, மொத்தம் 120 ஆள்-நாள் வேலை செய்து, 24 சென்ட் குறைத்தார்கள். மனிதர்கள் யாரும் அந்த உணவைச் சாப்பிடவில்லை. மாட்டுத் தீவன ஆலைகள் பிடித்துக்கொண்டன. நம் நாட்டிலும் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம், 2011-12இல் தொடங்கிய திட்டத்தில், ஊர் ஊராக ஆள் பழக்கி, மாட்டை அளந்து, வீட்டில் இருக்கிற தீனியை வைத்தே மலிவான கலவையைச் சொல்லும் மென்பொருளைக் கொண்டுபோனது. நல்ல வேலை. அதில் என்னைக் கேட்டால் ஒரே ஒரு வரி சேர்ப்பேன்: இந்தக் கலவையில் தினம் எத்தனை ரூபாய் மூத்திரமாகிறது என்று.

அடுத்த நாள் மலைக்குப் போனேன். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலை அது. மேலே ஒரு நண்பனின் மாமனார் வீட்டில் பதினைந்து மாடுகள், எல்லாம் குட்டையான நாட்டு உருப்படி, ஒன்று இருநூறு கிலோ தேறினால் அதிகம். பகலெல்லாம் காட்டோரம் மேய்ந்துவிட்டு ராத்திரி பட்டிக்கு வரும். புண்ணாக்காவது ஒன்றாவது. கோடைக் காய்ந்த புல்லில் புரதம் 4 சதவீதம் இருந்தால் பெரிது. ஐந்து கிலோ தின்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டேன்: உள்ளே 32 கிராம் நைட்ரஜன், சாணியில் 37. மூத்திரம், மைனஸ் 5 கிராம்.

எக்செல் பைத்தியம் பிடித்துச் சொன்ன விடை மாதிரி இருக்கிறது, ஆனால் முழுப் பொய் இல்லை. கொழுத்த மாடுகளை வைத்து எழுதின சூத்திரம் இங்கே செல்லாது என்பது ஒரு பாதி. மறு பாதி, மாடு உண்மையிலேயே தன் சதையைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. விலா எலும்பை எண்ணலாம். தீனியில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்களே பட்டினி. அப்போது சிறுநீரகம் யூரியாவை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், எச்சில் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் அது திரும்ப உள்ளே போகும். கீழே தெருவில் ஓடுகிற அதே பொருளை மேலே மாடு சொட்டு விடாமல் காப்பாற்றுகிறது. பட்டியில் நெடியே இல்லை. அந்தப் பெரியவரிடம் கேட்டேன். "கோடைப் பட்டிக்குப் பயிர் கருக்காதுங்க. மழை விழுந்து பச்சை மேயணும், அப்பறம் பாருங்க, பட்டி போட்ட இடம் தனியா தெரியும்" என்றார். என் மாடலில் இருப்பது முழுக்க அந்த ஒரு பேச்சுதான். அவர் எண் போடவில்லை.

ஜீவாமிர்தம் தயாரிக்கிற நண்பர்கள் நாட்டு மாட்டு மூத்திரம்தான் உசத்தி என்பார்கள். நைட்ரஜன் மட்டும் கணக்கு என்றால், மாட்டின் இனத்தைவிட அது நேற்று என்ன தின்றது என்பதே விஷயம். இதைச் சொல்லி இரண்டு நட்புகள் ஆறிப்போயிருக்கின்றன.

கீழே வந்து அத்தையிடம் சொன்னேன். ரத்தத்தில் யூரியா மிக அதிகமானால் சினை பிடிப்பது குறையும் என்று கண்டிருக்கிறார்கள், இந்த மாட்டுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் புண்ணாக்கைக் கூட்டுவது நிச்சயம் மருந்து இல்லை என்றேன். அத்தை மாட்டின் கழுத்தைச் சொறிந்தபடியே கேட்டார்.

"வாயில்லா ஜீவன். அது வாய்ல போறத புடுங்கிட்டு சக்கைய போடச் சொல்றியா கண்ணு?"

"புடுங்கல அத்தை. அது உடம்புல சேரவே இல்ல. சாக்கடைக்குத்தான் போவுது."

"பால் கொறஞ்சா?"

"பதினைஞ்சு நாள் பாருங்க. கொறஞ்சா பழையபடி போடுங்க."

மாமாவுக்குப் பதினெட்டாயிரம் என்ற எண் பிடித்துவிட்டது. சாயங்காலமே மண்வெட்டி எடுத்து, கொட்டகைத் தரையிலிருந்து புல் பாத்திக்கு ஒரு வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தார். மண்ணுக்குள் சீக்கிரம் இறங்கினால் பறப்பது குறையும். அத்தை முதல் வாரம் கால் கிலோ குறைத்தார், அடுத்த வாரம் இன்னொரு கால். பால் அப்படியே இருக்கிறதாம். போனில் அதை ஒரு புகார் மாதிரிதான் சொன்னார். நான்காவது ஊசி இன்னும் போடவில்லை. இரண்டாவது மாட்டுக்குக் கயிறு போட்டு அளக்க மட்டும் விட மாட்டேன் என்கிறார். அது ஏழு மாசம், சினை மாட்டை அளக்கக் கூடாதாம்.