பெருமாள்மலை மூடுபனியில்

வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்குச் செல்லும் சாலை, காமக்காபட்டிச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் மலைப்பாதையாக மாறுகிறது. 1845இல் அமெரிக்க மிஷனரிமார் மேலே தங்கள் முதல் பங்களாக்களைக் கட்டிய நாள்களில் இப்பாதை இல்லை. பெரியகுளத்துப் பக்கமிருந்து ஏறிய ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியில் அமர்ந்தோதான் சென்றார்கள். மேஜர் லா என்பவரின் பெயரைத் தாங்கிய இன்றைய சாலை பிற்காலத்தில் வந்தது. நாற்காலி சுமந்தவர்களின் மூச்சிரைப்பை எண்ணினால், இவ்வளைவுகளில் நம் வண்டிகள் முனகுவதைக் குறை சொல்ல மனம் வராது.

ஆயினும் நமது பங்கின் வண்டியைக் குறை சொல்லாதவர் ஊரில் எவருமில்லை. அது 1986ஆம் ஆண்டில் பதிவான அம்பாசிடர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை அம்பாசிடர்கள் பிறந்துகொண்டிருந்தன; இது அக்குடும்பத்தின் மூத்த உறுப்பினர்களில் ஒன்று. ஓராண்டாக இது 'மிஸ்ஸிங்' அடித்தது. நான்கு சிலிண்டர்களில் ஏதோ ஒன்று வேலையைத் தவறவிட, வண்டி குலுங்கும்; சில வேளை கார்புரேட்டர் வழியே தும்மவும் செய்யும். மூன்று பட்டறைகள் பார்த்தன. பிளக்குகள் மாற்றப்பட்டன, பாயிண்டும் கண்டன்சரும் புதிதாயின, கார்புரேட்டர் கழுவப்பட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றது ஒரு பட்டறை. நண்பகல் வெயிலில் ஓட்டிப் பார்க்கும்போது வண்டி நல்ல பிள்ளையாய் ஓடும். மழை பெய்தாலோ, பனி விழுந்த விடியற்காலையிலோ இருமத் தொடங்கிவிடும்.

பங்குப் பேரவை இதனை விற்றுவிடலாம் என்று பேசியதில் நியாயம் இருந்தது. நமது பங்கு மலையடிவாரத்தில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களைக் கொண்டது. மழை இரவில் ஒரு கர்ப்பிணியையோ நெஞ்சு வலிக்காரரையோ வத்தலக்குண்டு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முதலில் தட்டப்படுவது நமது கதவுதான். மழை இரவில் மட்டும் கைவிடும் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறு வண்டி வாங்கவோ பணமில்லை.

இந்நிலையில்தான், கடந்த ஆகஸ்டு 14ஆம் நாள், சலேத் மாதா திருவிழாவுக்குப் புறப்பட்டோம். 2024 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை முன்னரே பெற்றிருந்தோம். உடன் வந்தவர்கள், நேர்த்திக்கடன் வைத்திருந்த இரு மூதாட்டியர், ஒருவரின் கல்லூரிப் பேத்தி, லாரிப் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். "மூன்று பேர் பார்த்த வண்டியை நான் தொடமாட்டேன், சாமி. ஏறும்போது சும்மா கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று கூறி, முன்னிருக்கையில் அமர்ந்துகொண்டார்.

டம்டம் பாறையில் இறங்கினோம். எதிர்மலையில் எலிவால் அருவி, வெள்ளை நூலாகத் தொங்கியது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், அத்தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அசைவதே தெரியவில்லை. மூதாட்டியர் அருவியைப் பார்த்தார்கள். பெரியவர் பானெட்டின்மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஊத்து, மச்சூர் எல்லாம் குறையின்றிக் கடந்தன.

பழனிச் சாலை வந்து சேரும் பெருமாள்மலையை நெருங்கும்போது மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் சாலை மறைந்தது. அடுத்த கொண்டை ஊசி வளைவில் வண்டி இருமியது, பிறகு தும்மியது, பிறகு ஏற மறுத்தது. பின்னால் ஒரு பேருந்து விடாது ஒலியெழுப்பிற்று. மூதாட்டியர் செபமாலையை உரத்துச் சொல்லலாயினர். ஒருவாறு ஓரங்கட்டினோம்.

பெரியவர் பானெட்டைத் திறந்தார். எஞ்சின் ஓடும்போதே, காய்ந்த தடித்த துணியைச் சுற்றிப் பிடித்து, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். வேலை செய்யும் சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் எஞ்சினின் ஓசை தளரும். மூன்றாவதைக் கழற்றியபோது ஓசையில் ஒரு மாற்றமுமில்லை. மூன்றாம் பிளக்கையும் இரண்டாம் பிளக்கையும் இடம் மாற்றிப் பொருத்தினார். நோய் பிளக்கோடு போகவில்லை, மூன்றிலேயே தங்கிற்று.

"உயரத்தில் காற்று குறைவதால் இருக்குமோ, ஐயா?" என வினவினோம். கோடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், எரிபொருள் கலவையில் பெட்ரோல் மிகும் என்பதைப் படித்திருந்தோம்.

"அப்படியென்றால் நான்கும் ஒன்றாகக் கறுத்திருக்க வேண்டும், சாமி. ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்க வேண்டும். இது பனிக்குள் நுழைந்ததும் வந்தது. பெட்ரோல் கோளாறு தயங்கித் தயங்கி வரும். கரண்ட் கோளாறு வெட்டினாற்போல் வரும். வெயில் வரட்டும், பார்ப்போம்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. துணியால் ஒயர்களைத் துடைத்துவிட்டு மெல்ல ஏறினோம். வெள்ளி அருவியருகே வெயில் அடித்தது. முன்னினும் உயரத்தில் இருந்தோம். ஆனால் இருமல் நின்றுவிட்டது.

சலேத் மாதா ஆலயம், பட்டணத்தின் சந்தடிக்கு அப்பால் ஒரு மேட்டின்மேல் நிற்கிறது. 1846இல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மெலானி, மாக்சிமென் என்னும் இரு மேய்ப்புச் சிறுவர்க்கு அன்னை கண்ணீரோடு காட்சி தந்த இருபது ஆண்டுகளுக்குள், பிரெஞ்சு சேசுசபைக் குருவானவர் சேன் சீர் இம்மலைமேல் இவ்வாலயத்தை எழுப்பினார். பெரிய ஆலயமன்று. பெரிதாயிராததே அதன் அழகு என்பது நமது எண்ணம். அண்மைக் காலத்தில் எங்கும் எழும் கோபுரப் போட்டி இம்மேட்டுக்கு ஏறி வராதிருக்கட்டும். மூதாட்டியர் முழந்தாளில் நின்ற நேரத்துக்கு நமது முழங்கால் தாங்கவில்லை.

இரவு பவனி முடிந்து கூட்டம் கலைந்தபின், விளக்கு வெளிச்சம் படாத ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார் பெரியவர். எஞ்சின் ஓட, பானெட் திறந்திருக்க, டிஸ்டிரிபியூட்டர் மீதும் ஒயர்கள் மீதும் லேசாக நீர் தெளிக்க வேண்டும் என்றார். "எதையும் தொடாமல் நீங்களே தெளியுங்கள், சாமி. மந்திரித்துப் பழகிய கை." தெளித்தோம். இருளில் டிஸ்டிரிபியூட்டர் மூடியின்மேல் நீலப்பொறி ஒன்று புழுவைப்போல் ஊர்ந்தது. வண்டியும் உடனே இருமிற்று.

எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, டார்ச் ஒளியில் உட்புறத்தைக் காட்டினார். பென்சிலால் இழுத்தாற்போல் மயிரிழைக் கோடு ஒன்று, மூன்றாம் முனையிலிருந்து நான்காம் முனை வரை ஓடிற்று. இவ்வெஞ்சின் 1, 3, 4, 2 என்ற வரிசையில் எரிவது. ஆகவே மூடியினுள் மூன்றும் நான்கும் அண்டை வீட்டார். காயிலிலிருந்து வரும் மின்சாரம் பல்லாயிரம் வோல்ட் அழுத்தமுடையது. ஏற்றத்தில் சிலிண்டரினுள் காற்று மிகுதியாக அமுக்கப்படுவதால் பிளக்கில் பொறி தாவுவது கடினமாகிறது. அப்போது ஈரம்பட்ட கரிக்கோடு எளிய வழியாய்க் கிடைக்க, மூன்றுக்குரிய பொறி நான்கிற்குப் போய்விடும். நான்காம் சிலிண்டரோ அந்நேரம் கலவையை உள்ளிழுத்து முடிக்கும் தறுவாயில் இருக்கும். அதில் அகாலத்தில் தீப்பட்டால் கார்புரேட்டர் வழியே தும்மல்.

"பாயிண்ட் மாற்றியவர்கள் இம்மூடியைக் கழற்றாமலா மாற்றினார்கள்?" என்றோம்.

"கழற்றிப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்" என்றார். மூன்று பட்டறைகளுக்கும் கூலி கொடுத்தவர் என்ற முறையில், நமக்கு இச்சொல் சற்றுக் கசந்தது.

புது மூடிக்கு அவ்விரவில் எங்கே போவது? பெரியவர் பேனாக் கத்தியால் அக்கரிக்கோட்டைச் சுரண்டி எடுத்தார். உப்புத்தாளால் தேய்த்து நன்றாக உலர்த்தினார். பிறகு கல்லூரிப் பேத்தியிடம் நகப்பூச்சு உண்டா என்று கேட்டார். திருவிழாவுக்கு நகப்பூச்சோடு வந்ததைப் பாட்டியிடம் மறைத்திருந்த அப்பெண், தயங்கித் தயங்கி அச்சிறு புட்டியை நீட்டினாள். சுரண்டிய இடத்தில் இரண்டு பூச்சு. செந்நிறம். மறுநாள் காலைப் பூசை முடிந்து, பெருமாள்மலையில் அதே மூடுபனிக்குள் நுழைந்தோம். எவரும் பேசவில்லை. இறக்கம் என்பதால் இது முழுச் சோதனையன்று என்று பெரியவர் நினைவூட்டினார். ஆதலால் வண்டியைத் திருப்பி, முன்பு நின்ற அதே வளைவில் ஒருமுறை மேலே ஏற்றிப் பார்த்தோம். எஞ்சின் சீராக ஓடிற்று.

அடுத்த வாரம் மதுரையில் பழைய உதிரிபாகக் கடையொன்றில் புது மூடியும் ரோட்டாரும் கிடைத்தன. அக்டோபர் மாத மழை இரவொன்றில், வலி கண்ட இளம்பெண் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு சென்றோம். வண்டி ஒருமுறையும் இருமவில்லை. பெண் குழந்தை. பிளக் ஒயர்களும் பழையவை, மார்கழிப் பனிக்கு முன் அவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று பெரியவர் ஞாயிறுதோறும் பூசைக்குப்பின் வந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.